ஏழாம் தட்டு

கியூம்ரியில் பிப்ரவரி.
குழாய் உறைந்துவிடாமலிருக்க
இரவெல்லாம் நூலாய் ஒழுகவிட்டிருந்தோம்.
அந்தச் சத்தத்தைக் கேட்டபடி படுத்திருந்தபோதுதான்
சோப்பு செய்வது என்று முடிவெடுத்தேன்.

தையல் ஆலை மூடி நாலு மாதம்.
கணக்குத் தீர்த்துக் கொடுத்த காசில்
ஒரு தராசு, ரப்பர் கையுறை,
இரண்டு கிலோ காஸ்டிக் சோடா.
மிச்சத்துக்கு வாச்சகன் பூட்ஸ் வாங்கிக்கொண்டான்.
குறை சொல்லவில்லை. அவன் கால் அவனுக்கு.

முதல் தட்டு தயிராய்த் திரிந்தது.
இரண்டாவது கல்.
மூன்றாவதில் ரோஜா எண்ணெய் விட்டதும்
நட்ட கரண்டி நட்டபடி நின்றது.
தண்ணீரில் சோடாவா, சோடாவில் தண்ணீரா என்று
ஒரு நொடி தடுமாறியதற்கு
இடது மணிக்கட்டில் ரசீது இருக்கிறது,
பாதாம் பருப்பு அளவுக்கு.

நுனிநாக்கால் தொட்டுப் பார்ப்பேன்.
சுருக்கென்றால் காரம் அடங்கவில்லை.
ஒரு மாதம் ரொட்டியும் சோப்பாய் ருசித்தது.

ஏழாவது தட்டைப் பற்றிச் சொல்ல வெட்கம்.
ஆப்ரிகாட் கொட்டையின் ஓட்டைக்
காபி அரைக்கும் மிஷினில் போட்டேன்;
மிஷின் செத்தது, ஓடு பாதிதான் சாந்தது.
கிளறும்போது கிராஸ்னதாரிலிருந்து தங்கை ஸாபேலின் போன்.
மாமியார், வாடகை, மறுபடி மாமியார்.
திரும்பி வந்தால்
கருத்துப்போய், திட்டுத்திட்டாய்,
சாலை போடும் தாரைப் போலக் கிடந்தது.
"பட்டறைக்காவது ஆகும்" என்று
வாச்சகன் செய்தித்தாளில் சுருட்டிக்கொண்டு போனான்.

அப்புறம் எல்லாம் அழகு அழகாய் வந்தன.
தைம் இலை, ரோஜா, பால்.
சணல் கயிறு கட்டி, சனிக்கிழமைச் சந்தையில்
மேஜைக்கு வாடகை கொடுத்து உட்கார்ந்தேன்.
நரித்தோல் கழுத்துப்பட்டை போட்ட ஒருத்தி
பதினொன்றையும் எடுத்து எடுத்து முகர்ந்தாள்.
"என் மூக்குக்கு விருந்து" என்றாள். போய்விட்டாள்.
விற்றது இரண்டு.
வீட்டில் கணக்குப் போட்டால்
எண்ணெயைச் சேர்த்திருக்கிறேன், காகிதத்தைச் சேர்த்திருக்கிறேன்,
அடுப்பு எரிந்ததைச் சேர்க்கவில்லை.
கட்டிக்கு முப்பது திராம்
வாங்குகிறவர்களுக்கு நானே மொய் எழுதியிருக்கிறேன்.

ஏப்ரலில் ஒருநாள்
மினி பஸ் பட்டறை ஹ்மாயக்
மூன்று மாடி ஏறி வந்து நின்றான்.
கதவைத் தட்டிய கையைப் பார்த்தேன்:
நகக்கண் வரை வெளுப்பு.
இருபது வருஷத்தில் முதல் தடவையாம்,
பெண்டாட்டியே யாருடைய கை என்று கேட்டாளாம்.
"அந்தக் கருப்புக் கட்டி. நாற்பது வேணும்.
பக்கத்துப் பட்டறைக்காரனும் கேட்கிறான்."

நோட்டைப் புரட்டினேன்.
ஆறாம் தட்டு: கிராம் கிராமாய் இருக்கிறது.
எட்டாம் தட்டு: நிமிடம் நிமிடமாய்.
ஏழுக்கு நேரே ஒரே சொல்தான் எழுதியிருக்கிறேன்:
வீண்.

செய்தேன். வழவழவென்று வந்தது.
மறுபடி செய்தேன். வெண்ணெய் போல.
வேண்டுமென்றே அசட்டையாய் அளந்தேன்,
கை கேட்கவில்லை, அது இதற்குள் தேறிவிட்டது.
என் தப்பு எனக்கே பிடிபடாமல்
எங்கேயோ சௌகரியமாய் உட்கார்ந்திருந்தது.
"நல்லாத்தான் இருக்கு," என்றான் ஹ்மாயக்,
வாழ்க்கையில் யாரும் அத்தனை வருத்தமாய்
என்னைப் பாராட்டியதில்லை.

நேற்று சோடா கரைத்தேன், எண்ணெயில் விட்டேன்,
பாதி சாந்த ஓட்டைக் கொட்டினேன்.
கரண்டியைக் கீழே வைத்துவிட்டு
கிராஸ்னதாருக்கு போன் போட்டேன்.
"என்ன விசேஷம்?"
"ஒன்றுமில்லை. உன் மாமியார் எப்படி?"
கொஞ்ச நேரம் மூச்சே வரவில்லை.
பிறகு ஸாபேல் ஆரம்பித்தாள்.

கடிகாரத்தைப் பார்த்து ஏழாம் பக்கத்தில் எழுதினேன்:
நாற்பத்திரண்டு நிமிடம்.
ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும்,
அன்று திறந்திருந்தது என்று நினைவு.

தட்டு கருத்திருக்கிறது.
கருத்தது மட்டும் போதுமா, தெரியாது.
ஆறு வாரம் காய வேண்டும்.
ஸாபேல் இன்று தானே கூப்பிட்டாள்;
நேற்று விட்ட இடத்திலிருந்து.